ஃபென்வே பார்க்கில் 12 சீசன்: பென்சிலும் பிளீச்சர் சீட்டும்

வேலை மாறி நான் பாஸ்டனுக்கு வந்தது 2012 கடைசியில். அடுத்த கோடையில் அலுவலக நண்பர் ஒருவர், ஃபென்வே பார்க்கில் நடக்கும் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கையில் ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது, வருகிறாயா என்று கூப்பிட்டார். அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. 2020-ல் கொரோனா காரணமாக ரசிகர்களை உள்ளே விடவில்லை. அதைக் கழித்தால் 2025-ஓடு 12 சீசன். வருடத்துக்கு ஆறேழு ஆட்டம் போவேன். பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸ் ஒரே சீசனில் இங்கே 81 ஆட்டம் ஆடுகிறது. ஆக, இத்தனை வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் சேர்ந்தால் ஒரு சீசன் அளவுக்குத்தான் வரும். இருந்தாலும் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

காரில் போகாதீர்கள். கிரீன் லைன் ரயிலில் கென்மோரில் இறங்கி, கூட்டம் போகிற பக்கமாக நடந்தால் போதும். பாலத்தைத் தாண்டி லான்ஸ்டவுன் தெருவுக்குள் திரும்பும்போதே, சாசேஜோடு வெங்காயமும் குடமிளகாயும் கல்லில் வதங்கும் வாசனை வந்துவிடும். தோலோடு வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கதவு திறந்ததும் உள்ளே போய்விடுவேன். ஆட்டத்துக்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு ஆட்டத்தில் பாதி.

ஏனென்றால் அப்போதுதான் சுவரை நிதானமாகப் பார்க்க முடியும். இந்த மைதானம் திறந்தது 1912 ஏப்ரல் 20-ல், டைட்டானிக் மூழ்கிய அதே வாரத்தில். பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் இன்றும் ஆட்டம் நடக்கிற மைதானங்களில் இதுதான் மூத்தது. இடது பக்கம் தெரு குறுக்கே வந்துவிட்டதால் மைதானத்தை நீட்ட இடமில்லை. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இடது மூலை பல மைதானங்களில் 330 அடிக்குப் பக்கமாக இருக்கும். இங்கே 310 அடிதான். அந்தப் பக்கம்தான் 37 அடி உயரச் சுவர். 1947-ல் விளம்பரங்களை அழித்துவிட்டுப் பச்சை அடித்தார்கள். பச்சைப் பூதம், கிரீன் மான்ஸ்டர், என்றுதான் அதற்குப் பெயர்.

முதல் சீசனில் அது எனக்கு ஒரு பெரிய சுவர், அவ்வளவுதான். மூன்றாவது நான்காவது சீசனில்தான் அது என்ன செய்கிறது என்று புரிந்தது. வேறு ஊரில் சுலபமாகப் பிடிபடுகிற உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஆகிவிடும். வேறு ஊரில் எல்லை தாண்டிப் பறந்திருக்க வேண்டிய, தாழ்வாகப் பாய்கிற பந்து, இங்கே சுவரில் மோதித் திரும்பி விழும். மிகப் பலமாக அடித்தவர் முதல் பேஸோடு, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதோடு, நின்றுவிடுவதும் உண்டு, பந்து அவ்வளவு வேகமாக லெஃப்ட் ஃபீல்டர் கைக்கு வந்துவிடும். அந்தத் திரும்பலைக் கணித்து நிற்பது தனி வித்தை. ரெட் சாக்ஸின் பழைய லெஃப்ட் ஃபீல்டர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அதில் மன்னர் என்று இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். சுவரின் அடியில் இருக்கும் ஸ்கோர்போர்டு இன்றும் கையால் மாற்றப்படுவது. சுவருக்கு உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் தகடுகளை மாற்றுவார்கள். மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் எண்ணும் அதில் மாறும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சரி, எங்கே உட்காருவது? நான் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கிராண்ட்ஸ்டாண்டில் இருப்பவை 1934-ன் மரநாற்காலிகள். அகலம் குறைவு, அந்தக் காலத்து மனிதர்களுக்காகச் செய்தவை. கூரையைத் தாங்கும் தூண்களும் அங்கேதான். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கிய டிக்கெட்டில் தூண் மறைக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் பந்து எறியும் பிட்சரைப் பார்க்காமலே கழிந்தது. வாங்கும் முன் இருக்கைப் படத்தை ஒரு தடவை பாருங்கள். வலது மூலையில் இருக்கும் கிராண்ட்ஸ்டாண்ட் சீட்டுகள் ஹோம் பிளேட்டைப் பார்க்காமல் எதிரே நடு மைதானத்தைப் பார்த்து நிற்கும், கழுத்து வலிக்கும். சுவர் உச்சியில் 2003-ல் போட்ட சீட்டுகள் அருமை, ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எனக்குக் கட்டுப்படியாகாது.

என் இடம் பிளீச்சர், ஹோம் பிளேட்டுக்கு எதிரே தூரத்தில் இருக்கும் கூரையில்லாத சீட்டுகள். மாலை ஆட்டத்தில் முதல் இரண்டு மூன்று இன்னிங்ஸ் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். தொப்பி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். அங்கே பச்சை சீட்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு: 42-வது பகுதி, 37-வது வரிசை, 21-வது சீட். 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. அதன் பக்கத்தில் நின்று ஹோம் பிளேட்டைப் பார்த்தால் பேட்டர் தீக்குச்சி அளவுக்குத் தெரிவார். பந்து இவ்வளவு தூரம் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

2023-ல் வந்த பிட்ச் கிளாக் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் பிட்சர் பந்தை எறிய ஆரம்பிக்க வேண்டும். பக்கத்து சீட்காரரோடு பேசும் இடைவெளி போய்விட்டதே என்று இருந்தது. இப்போது ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்கு அது நல்லதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

அணி? நான் வந்த முதல் வருடமே கோப்பை, அதுவும் இந்த மைதானத்திலேயே. 1918-க்குப் பிறகு இங்கே கோப்பையை வென்றது அன்றுதான். அடுத்த இரண்டு வருடமும் பிரிவில் கடைசி. 2018-ல் 108 வெற்றியும் கோப்பையும். அப்புறம் மறுபடியும் கடைசி இடங்கள். தோற்கிற வருடங்களில் சீட்டு எளிதாகக் கிடைக்கும், தீவிரமாகப் பார்க்கிறவர்கள் மட்டும் வருவார்கள். ஆட்டத்தை நான் கற்றுக்கொண்டது அந்த வருடங்களில்தான்.

கற்றுக்கொடுத்தது பென்சில். ஸ்கோர்கார்டு எழுதாமல் இங்கே உட்காராதீர்கள் என்பேன். ஒவ்வொரு ஃபீல்டருக்கும் ஓர் எண்: பிட்சர் 1, கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6, இப்படி. 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் எடுத்து, செகண்ட் பேஸ்மேனுக்கு எறிந்து, அவர் ஃபர்ஸ்டுக்கு எறிந்து, இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம்.

2019 கோடையில் அப்பா வந்திருந்தார். சேப்பாக்கத்தில் டெஸ்ட் பார்த்து வளர்ந்தவர். மூன்று இன்னிங்ஸ் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார், “ஏன்டா, இவன் ஃபுல் டாஸ் மட்டும்தான் போடுவானா?”

“குத்திப் போட்டா பேட்டர் அடிக்கவே வேண்டாம்ப்பா. அது அவருக்குத்தான் சாதகம்.”

அடுத்து ஒரு பந்து சுவரில் மோதியது. அப்பா கை தன்னால் நீண்டு நாலு ரன் காட்டியது. அடித்தவர் செகண்ட் பேஸில் சறுக்கி விழுவதைப் பார்த்து, “சுவத்துல பட்ட பின்னாடியும் பாவம் ஓட விடுறாங்களே” என்றார்.

அப்புறம் என் மடியில் இருந்த கார்டைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது: ரேடியோ கமென்ட்ரி கேட்டுக்கொண்டே நோட்டில் ஒவ்வொரு ஓவரையும் எழுதிவைக்கிறவர் அவர். பென்சிலைக் கொடுத்தேன். ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து அவர்தான் எழுதினார், எண்களை ஆங்கில முறையில், பக்கத்தில் குறிப்புகளைத் தமிழில். எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்த அரங்கமும் எழுந்து பாடியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை, விட்டுப்போன ஒரு கட்டத்தை என்னிடம் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்டை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனில் மேட்ச் போனேன் என்று சொன்னால், யார் ஜெயித்தது என்று முதலில் கேட்பதில்லை. “ஆறு நாலு மூணு இருந்துச்சா?”