லெட் ஸெப்பெலினின் 'பிரசென்ஸ்': தாமதமாகக் காதில் ஏறிய ஆல்பம்

இங்கிலாந்து ராக் குழுவான லெட் ஸெப்பெலின் என்றதும் வேலூரில் ராக் கேட்கிற யாரும் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டு என்பார்கள், அடுத்து 'காஷ்மீர்' பாட்டு என்பார்கள். 1976-ல் வந்த 'பிரசென்ஸ்' பற்றிப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். கல்லூரி நாளில் எங்கள் செட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை, எனக்கும்தான். இப்போது அந்தக் குழுவின் ஆல்பங்களில் நான் அதிகம் கேட்பது இதைத்தான். இதைத் தாண்டிப் போய்விட்டவர்கள் ஒரு தடவையாவது திரும்பி வந்து கேட்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன், அதற்காகத்தான் இந்த விமர்சனம்.

முதலில் கேட்கும்போது ஏன் பிடிக்காமல் போகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு முந்தைய ஆல்பமான 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' (1975) இரட்டை இசைத்தட்டு, அதில் இல்லாததே இல்லை. அதைக் கேட்ட காதோடு இங்கே வந்தால் கீபோர்டு கிடையாது, அமைதியான அக்கூஸ்டிக் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல், கொஞ்சம் மவுத் ஆர்கன், அவ்வளவுதான். ஏழே பாட்டு, சுமார் 44 நிமிடம். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது பிரவுசிங் சென்டரில் எரித்து வாங்கிய எம்பி3 சிடி. ஒரு குழுவின் எல்லா ஆல்பத்தையும் ஒரே சிடியில் அடைக்க வேண்டும் என்று ஒலியை நசுக்கிச் சின்னதாக்கியிருப்பார்கள். அப்படி நசுக்கினால் முதலில் அடிபடுவது டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்களும் அடுக்கடுக்கான கிட்டார்களும்தான். இந்த ஆல்பமே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

இது உருவான கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது. 1975 ஆகஸ்டில் கிரேக்கத் தீவான ரோட்ஸில் நடந்த கார் விபத்தில் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கும் அவர் மனைவிக்கும் பலத்த அடி. சுற்றுப்பயணம் ரத்து. மறுபடி நடக்க முடியுமா என்ற கவலையில் இருந்தவரை வைத்துக்கொண்டு கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் பாட்டெழுத உட்கார்ந்தார். அப்புறம் நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஒரு ஹோட்டலுக்கு அடியில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் பதிவு. அடுத்து இன்னொரு ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் வரப்போகிறார்கள், இடத்தைக் காலி செய்தாக வேண்டும். மொத்தப் பதிவும் 18 நாளில் முடிந்தது. பிளான்ட் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடினார்.

என் தம்பி பைக்கில் போய் நெடுஞ்சாலையில் விழுந்து, காலில் பிளேட் வைத்து, மாதக்கணக்கில் சத்துவாச்சாரி வீட்டில் படுத்திருந்தான். அவனுக்குத் துணையாக இருந்தபோதுதான் இந்த ஆல்பத்தின் 2015 ரீமாஸ்டரை, அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீராக்கி வெளியிட்ட பதிப்பை, நல்ல ஹெட்போனில் போட்டேன். முதல் பாட்டு 'அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்', பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும். அவனுக்கு ராக் பழக்கமே இல்லை. கதையைச் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, கால் ஒடைஞ்சி உக்காந்துக்கினு பாடுன ஆளுன்னா நம்பவே முடியல, ஓடுற மாதிரியே கீது" என்றான். இந்த ஆல்பத்தைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்னவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. உடம்பு கட்டிப்போட்டிருக்கிறது, மனசு ஊர் ஊராகப் பாய்கிறது. விபத்து நடந்த அந்த 1975-ல் பிளான்ட்டும் பேஜும் மொராக்கோ பக்கம் சுற்றியதுதான் பாட்டின் விதை. பேஸ் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் எட்டுத் தந்தி பேஸில் குதிரைப் பாய்ச்சலாக அடிக்க, ஜான் பான்ஹமின் டிரம்ஸ் ஒரு கணம்கூடத் தளராமல் விரட்ட, பேஜ் ஒரு கிட்டாரின் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த அடுக்குகளைப் பிரித்துக் கேட்கத்தான் நல்ல ஒலி வேண்டும் என்கிறேன். இடது காதில் ஒன்று மேலேறும்போது வலது காதில் இன்னொன்று பதில் சொல்கிறது, பழைய சிடியில் அதெல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

'ஃபார் யுவர் லைஃப்' மெதுவான, கனமான, கசப்பான பாட்டு. பான்ஹம் 1980-ல் இறக்கும்வரை இதை மேடையில் அவர்கள் வாசித்ததே இல்லை. 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில், பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசிக்க, முதல்முறையாக முழுசாக வாசித்தார்கள்.

'நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்' பாட்டின் வேர் அமெரிக்கப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-ல் பதிவு செய்த பழைய பாட்டு. ஆனால் எழுதியவர்கள் என்று பேஜ், பிளான்ட் பெயர்கள் மட்டுமே போட்டிருக்கிறார்கள். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, மூலத்தையும் தேடிக் கேளுங்கள். அதைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இவர்கள் வாசிப்பு அபாரம். எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் சட்டென்று நிற்கும், அந்த ஒரு நொடி மௌனத்துக்கு அப்புறம் மறுபடி ஒன்றாக விழும். அந்த நிறுத்தங்களுக்காகவே திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

'ராயல் ஆர்லியன்ஸ்', 'கேண்டி ஸ்டோர் ராக்' இரண்டும் சுமார்தான். 'ஹாட்ஸ் ஆன் ஃபார் நோவேர்' தாளத்துக்காகக் கேட்கலாம்.

கடைசிப் பாட்டு 'டீ ஃபார் ஒன்' ஒன்பது நிமிடத்துக்கும் மேல். வேகமாக ஆரம்பித்து, சில நொடியிலேயே இறங்கி, மெதுவான ப்ளூஸாக (அமெரிக்கக் கருப்பின மக்களின் சோகப் பாட்டு வகை) மாறிவிடும். வெளியூர் ஹோட்டல் அறையில் குடும்பத்தை விட்டு ஒற்றையாக உட்கார்ந்திருப்பவனின் பாட்டு. கல்லூரி வயதில் இது இழுவையாகத்தான் தெரியும். வேலைக்காக வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கி, ராத்திரி நேரம் நகராமல் கிடந்தவர்களுக்கு, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜில் நோயாளிக்குத் துணையாகத் தங்கி விடியலுக்குக் காத்திருந்தவர்களுக்கு, இந்த ஒன்பது நிமிடம் நீளமாகத் தெரியாது. பேஜின் சோலோ இங்கே வேகம் காட்டவே இல்லை, ஒவ்வொரு சுரமும் யோசித்து யோசித்து வருகிறது.

அட்டைப்படத்தையும் சொல்ல வேண்டும். ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்தது. நல்ல உடுப்பு போட்ட ஒரு குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, நடுவில் ஒரு சின்னக் கருப்புத் தூண் மாதிரி ஒன்று. அது என்ன என்று அட்டையில் விளக்கம் இல்லை. எதையும் விளக்காத இந்த இசைக்கு அது பொருத்தம்.

எந்தப் பதிப்பு என்றால், பேஜே மேற்பார்த்த அந்த 2015 ரீமாஸ்டர் போதும். அதன் டீலக்ஸ் பதிப்பில் வெளிவராமல் இருந்த ஒரு பியானோ இசைத்துண்டு இருக்கிறது. மூல ஆல்பத்தில் சேர்ந்திருந்தால் அதன் முரட்டுத்தனம் குறைந்திருக்கும், தனியாகக் கேட்க அழகு. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், சாதாரண வயர் ஹெட்போன் இருந்தாலே போதும். நேரம் இல்லாதவர்கள் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் கேளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் அரக்கோணம் வருவதற்குள் இரண்டையும் நிதானமாகக் கேட்டு முடித்துவிடலாம்.