பழைய உளியைத் தீட்ட: கல்லா, உப்புத்தாளா?

தாத்தா காலத்து உளி துருவோடு கிடைத்தால் வரும் முதல் குழப்பம்: தீட்டுகல் வாங்குவதா, தடித்த கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டித் தேய்ப்பதா?

செலவு: தாளுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம்தான், ஆனால் திரும்பத் திரும்ப வாங்கணும். கல் ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

சமதளம்: என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். உளியின் முதுகு, அதாவது சாய்வு இல்லாத பக்கம், தட்டையாக இல்லாவிட்டால் சரியான கூர் வராது. கல் தேயத் தேய நடுவில் குழி விழும். கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை. சொரசொரப்பான 120ஆம் எண் தாளில் தொடங்கி 220, 400, 1000, 2000 என்று மேலும் மேலும் நைசான தாளுக்கு ஏறினால், துருக்குழி விழுந்த முதுகும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். என்ன ஒரு அழகு!

கைப்பழக்கம்: தாளில் உளியை இழுக்க மட்டுமே செய்யுங்கள், தள்ளினால் கிழியும். கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, 25 பாகைச் சாய்வில் முன்னும் பின்னும் தேய்க்கலாம். முதுகுப் பக்கம் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் சாய்வுப் பக்கம் தீட்டி முடிந்தது. அப்புறம் முதுகைப் படுக்க வைத்துப் பிசிறை எடுங்கள்.

துருவிலிருந்து ஒன்றிரண்டு உளியை மீட்க உப்புத்தாள். தினமும் மரவேலை செய்பவருக்குக் கல். மோட்டார் சாணையில் மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள். சூட்டில் முனை நீலம் பூத்தால் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விடும்.