எபொக்சி என்று சொல்லி வேறொன்றைப் பூசித் தருகிறார்கள்: பழைய பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்கு

மட்டக்களப்பு வாவியில் பழைய மரப் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தச் சிலரில் இன்னொருவரும் நான் ஏமாந்த அதே பட்டறையில் தன் சுக்கானைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. முறைப்பாடு இன்னும் முடியவில்லை. தவிர, கரையோரத்தில் ஃபைபர் படகு திருத்தும் எந்த இடத்திலும் இதே கதை நடக்கலாம்.

படகு மிரர் வகை. 1962 இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்ற இருவர் வடிவமைத்தது. 'டெய்லி மிரர்' பத்திரிகை முன்னின்று பரப்பியதால் அந்தப் பெயர் வந்தது. பிளைவுட் தகடுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி நார் நாடாவை ரெசின் என்ற இறுகும் பிசினால் ஒட்டி, வீட்டு வளவிலேயே கட்டிக்கொள்ளலாம். நீளம் 3.3 மீற்றர். உலகம் முழுவதும் 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். என்னுடையதைத் திருகோணமலையில் ஒருவரிடம் வாங்கி லொறியில் கொண்டுவந்தேன். உடல் திடமாகவே இருந்தது. கெட்டுப்போயிருந்தவை சுக்கானும், டாகர் போர்ட் என்று பாய்ப்படகுக்காரர் சொல்லும் இறக்குப் பலகையும்தான். சுக்கானின் கத்தி மேலே மடிவதற்காக உள்ள போல்ட் துளையைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் உள்ளே போனது. இறக்குப் பலகையின் கீழ்முனை மணலில் உரசி உரசிப் பிளைவுட் அடுக்குகள் விரிந்திருந்தன.

இந்த இரண்டையும் பார்க்கிற எவரும் 'வெறும் பலகைதானே' என்றுதான் நினைப்பார்கள். பட்டறைக்காரரும் அப்படித்தான் நினைத்தார், அல்லது நினைப்பதுபோல் நடித்தார். படகின் நடுவே உள்ள பெட்டிக்குள் மேலிருந்து இறக்கும் அந்தப் பலகை இல்லாவிட்டால், பக்கக் காற்றில் படகு நண்டைப்போல் சறுக்கிக்கொண்டே போகும். படகு சில பாகை சாய்வாகத் தண்ணீரை வெட்டிச் செல்லும்போது, பலகையின் ஒரு முகத்தில் அழுத்தம் குறைந்து மறுமுகத்தில் கூடும். விமான இறக்கையில் நடக்கும் அதே வேலைதான் இங்கே தண்ணீருக்குள் நடக்கிறது. ஆகவே அதன் குறுக்குவெட்டு முக்கியம். விமான இறக்கைகளுக்கான நாகா 0012 என்ற பெயர்பெற்ற குறுக்குவெட்டு வடிவத்தில் தடிப்பு, அகலத்தின் 12 சதவீதம். அதிகத் தடிப்பு முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில் வரும். மிரரின் பெட்டிப் பிளவு ஒடுங்கியது என்பதால் அவ்வளவு தடிப்பு அதற்குள் போகாது. இருக்கிற தடிப்புக்குள் முன்விளிம்பை நீள்வட்டமாக உருட்டி, பின்பக்கத்தை நீளமாகச் சரித்து, கடைசி விளிம்பை ஓரிரு மில்லிமீற்றரில் சதுரமாக வெட்டிவிடுவதுதான் சாத்தியமான மேம்பாடு. பின்விளிம்பை உருட்டக்கூடாது. உருட்டினால் நீர்ச்சுழிகள் மாறி மாறிக் கழன்று, வேகம் கூடும்போது பலகை ரீங்கரிக்கும். வாவியில் மீன் பாடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். என் பலகையும் பாடியது, ஆனால் அது வேறு கதை.

இவை எல்லாவற்றையும் நான் ஒரு தாளில் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தேன். பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தரத்து மரைன் பிளைவுட், அல்லது நல்ல மகோகனிச் சட்டங்களை நார் மாறி மாறி வரும்படி ஒட்டிய பலகை. மேலே மரத்தோடு நன்றாகப் பிடிக்கும் எபொக்சி ரெசினும் நெய்த கண்ணாடி நார்த்துணியும். போல்ட் துளைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, எபொக்சிக் கலவையால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைப்பது. இப்படிச் செய்தால் போல்டைச் சுற்றித் தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. முதலாளி தாளை வாங்கிப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நாங்கள் செய்யாத படகா? இந்தச் சின்னப் பலகை ஒரு வேலையா?" என்று சொல்லித் தேநீர் வரவழைத்தார். எபொக்சி வெளிநாட்டுச் சாமான், டொலர் விலை, அதனால் மொத்தம் 85,000 ரூபாய் என்றார். பாதிக்கு மேல் முற்பணம் கொடுத்தேன். அந்தப் பட்டறையில் எனக்குக் கிடைத்தவற்றில் தேநீர் மட்டும்தான் அசல்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2004க்குப் பிறகு கிழக்குக் கரைக்கு வந்த ஃபைபர் படகுகளைத் திருத்தித் திருத்தியே இங்கே ஒரு நல்ல தொழிலாளர் கூட்டம் உருவாகியிருக்கிறது. பொலியெஸ்டர் ரெசினும், கண்ணாடி நார்த் துண்டுகளைப் பாய்போல் சேர்த்த வெட்டுநார் மெட்டும் அவர்களுக்குக் கைவந்த கலை. மீன்பிடிப் படகின் உடலுக்கு அது போதும், மலிவும்கூட. மரத்தின்மேல் பூசும்போதுதான் சிக்கல். பொலியெஸ்டர் மரத்தோடு எபொக்சி அளவுக்குப் பிடிக்காது. மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்கும்போது அது இளகிக்கொடுக்காமல் விட்டுப் பிரியும். இதை அவர்களே அறிவார்கள். பொலியெஸ்டர்தான் தருவோம், விலை இவ்வளவு என்று சொல்லியிருந்தால் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

வேலை மாரி காலத்தில் நடந்தது. அதற்கே நான் தயங்கினேன். கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் மரம் காயாது, ஈரமான மரத்தின்மேல் எதைப் பூசினாலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகத்தான் முடியும். "எங்களிடம் ஹீற்றர் இருக்கிறது" என்றார்கள். வந்த சாமானில் ஃபைபர் படகுகளின் வெளிப்பூச்சான ஜெல் கோட்டை வெள்ளையாகத் தடிப்பாகப் பூசி, மெழுகு போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போலிருந்தது. பலகை பெட்டிக்குள் கொஞ்சம் இறுக்கமாகப் போனது. "புதிய பூச்சு, பழகினால் இலகுவாகும்" என்றார் வேலையாள். பூச்சு பழகி மெலிவதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

கச்சான் காற்று தொடங்கியதும் கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே இறக்கினேன். மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் மேற்கிலிருந்து வெடுக் வெடுக்கென்று அடிக்கும். ஒரு வீச்சில் சுக்கானின் கத்தி போல்ட் துளையோடு முறிந்து மிதந்துபோனது. சுக்கான் இல்லாத படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிட்டு, பின் பக்கவாட்டில் ஒதுங்கத் தொடங்கும். ஒதுங்கியது நொச்சிமுனைப் பக்கத்துக் கரைக்கு. அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான், இறக்குப் பலகையை உடனே மேலே தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை. ஊதிப்போய்ப் பெட்டியின் இரு பக்கத்தையும் கவ்விக்கொண்டிருந்தது. பலகை மணலில் குத்தி, பெட்டியின் அடிமூட்டு விரிசல்விட்டு, படகுக்குள் தண்ணீர் வந்தது. இறால் வலைக்குப் போன தோணிக்காரர் ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கரைசேர்த்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் பலகையை வெளியே எடுக்கவே சுத்தியல் தேவைப்பட்டது. பிறகு குறுக்காக வாளால் அறுத்தேன். வாள் உள்ளே போனதும் எழுந்தது பொலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனின் வாசனை. ஃபைபர் பட்டறைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. முழுதாக இறுகிய எபொக்சியில் அது வராது. ஜெல் கோட்டுக்குக் கீழே வெட்டுநார் மெட் ஒரே ஒரு படை. அதன் ஓரத்தில் பட்டிக் கத்தியை நுழைத்துத் தூக்கினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முழுத்தாளாக உரிந்து வந்தது. உரிந்த பக்கத்தில் மரத்தின் ஒரு சிராய்கூட ஒட்டியிருக்கவில்லை. உள்ளே இருந்தது வீட்டு அலுமாரிக்குப் போடுகிற சாதாரண பிளைவுட். நடு அடுக்கில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு விரல் அகல இடைவெளி, அதிலிருந்து தேயிலை நிறத்தில் தண்ணீர் சொட்டியது. முன்விளிம்பு சதுரமாகவே இருந்தது. பின்விளிம்பைத்தான் அழகாக உருட்டியிருந்தார்கள். நான் கேட்டதற்கு நேர்மாறு.

சுக்கான் இன்னும் மோசம். எஞ்சியிருந்த துண்டில் துளையைச் சுற்றிய பழைய கறுத்த மரம் அப்படியே இருந்தது. பட்டி வைத்து அடைத்து, மேலே மெட் போட்டு, நேராகத் துளைத்து, சிலிக்கன் தடவிப் போல்ட்டைப் பூட்டியிருந்தார்கள்.

அறுத்த துண்டுகளையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி துண்டைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. "மரம் என்றால் தண்ணீர் குடிக்கத்தானே செய்யும் தம்பி" என்றார். தாளைக் காட்டினேன். "எபொக்சியும் ரெசின்தான், இதுவும் ரெசின்தான்" என்றார். வேண்டுமானால் இலவசமாக இன்னொரு கோட் பூசித் தருவதாகவும் சொன்னார். பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே எழவில்லை.

இனி, கொடுக்கப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. எபொக்சியா பொலியெஸ்டரா என்று அறிய வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை, கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எபொக்சிக்கு இறுக்கி கணிசமான அளவில் சேரும். வகையைப் பொறுத்து 2க்கு 1, 3க்கு 1, 5க்கு 1 என்று அளந்து ஊற்ற வேண்டும். ஒரு சின்னப் போத்தலிலிருந்து சில துளிகள் மட்டும் விட்டுக் கலக்கினால் அது பொலியெஸ்டர் அல்லது அதன் உறவு. அதற்கு 1 முதல் 2 சதவீதம் வரைதான் இறுக்கி. பக்கத்தில் நிற்க விடமாட்டோம் என்றால் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஜெல் கோட்டோ பெயின்ட்டோ ஏறுவதற்கு முன் பலகையைப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். சரியாகப் பூசிய எபொக்சியும் நெய்த துணியும் மரத்தின்மேல் ஒளி ஊடுருவும்படி நிற்கும், மர நார் தெரியும். தெரியாமல் வெள்ளையாக இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எபொக்சி வெயிலில் கெடும் என்பதால் மேலே வார்னிஷோ பெயின்ட்டோ வேண்டும்தான், ஆனால் அதை நீங்கள் பார்த்த பிறகு பூசட்டும்.

பிளைவுட்டை வாங்கும் முன் விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கிடையே ஓட்டை இருந்தால் வேண்டாம். ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி வீட்டுப் பானையில் சில மணிநேரம் கொதிக்க விடுங்கள். பசை விட்டால் அடுப்படியிலேயே விடட்டும், வாவியில் வேண்டாம். பாரமாக இருப்பதால் நல்ல பிளைவுட் என்று சொல்வார்கள், நம்பவேண்டாம். பி.எஸ். 1088 தரத்தில் வரும், ஒக்கூமே என்ற மரத்தின் பிளைவுட் மிக இலேசானது.

உருக்குப் பொருட்களில் இன்னொரு வித்தை இருக்கிறது. சுக்கானைப் பின்பலகையில் மாட்டும் கீல்களைக் கொடுக்கும்போது ஒரு காந்தத்தை வைத்து, "பாருங்கள், ஒட்டவில்லை, அசல் மரைன்" என்று காட்டினார்கள். 316 வகைத் துருவில்லா உருக்கிலும் காந்தம் ஒட்டாது, மலிவான 202 வகையிலும் பெரும்பாலும் ஒட்டாது. 316 இல் சேரும் 2 முதல் 3 சதவீத மொலிப்டினம்தான் உப்பைத் தாங்குவது. அதைக் காந்தம் காட்டாது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் நம் வாவியில் கடலுப்பு ஏறும். எனக்குத் தந்த கீல்களில் இப்போதே செம்புள்ளிகள்.

முறைப்பாடு செய்வதானால் தாமதிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்கீழ், சேவை பெற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நான் மத்தியஸ்த சபைக்கும் போயிருக்கிறேன். எழுதிய தாள், கையெழுத்து, ரசீது, அறுத்த துண்டுகள் எல்லாம் கையில் இருப்பதால்தான் அங்கே என் பேச்சைக் கேட்டார்கள். வாயால் மட்டும் பேசிக் கொடுத்திருந்தால் நான் கதை சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பணத்தைவிட எனக்கு வலிப்பது ஒன்று உண்டு. படகோடு வந்த பழைய கீல்கள் வெண்கலம். அவற்றைக் கழற்றி இந்தப் புள்ளி விழுந்த உருக்கை மாட்டிவிட்டு, பழையவை தொலைந்துவிட்டன என்கிறார்கள். வெண்கலம் எங்கும் தானாகத் தொலைவதில்லை, நிறுவைக்குப் போகும். சுக்கானைத் தாங்கும் கீல் ஊசிகளில் நீளமானது ஒன்றும் கட்டையானது ஒன்றும், நீளமானதன் தலையில் அரத்தால் கீறிய மூன்று கோடுகள். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் யாராவது கண்டால் இங்கே எழுதுங்கள், கடைக்காரர் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.