போர் தண்ணீரில் மேக்கப் பிரஷ் கழுவி ஆறு வருடம்

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். பக்கெட்டில் ஒரு வாரம் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளைக் கோடு படிந்துவிடும். பிரஷ் கழுவும் கதையில் இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த எந்த வீடியோவிலும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆறு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கையில் இப்போது 34 பிரஷ்கள் இருக்கின்றன. முதல் வருடம் வாங்கியவற்றில் மிஞ்சியிருப்பது நான்கே நான்கு. மற்றவை வீணானதற்கு நான் கழுவிய விதம்தான் காரணம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் குளியல் சோப்பில் தேய்த்துக் கழுவினேன். நுரை வரும், கறை போகும், பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் நாலைந்து முறை கழுவியதும் பவுடர் பிரஷ் விறைத்துப் போனது. ஒரு பெண் “அக்கா, குத்துது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மட்டமான பிரஷ் போலிருக்கிறது என்று நினைத்து வேறு செட் வாங்கினேன். அதுவும் இரண்டு மாதத்தில் அப்படியே ஆனது. அப்புறம்தான் பாத்ரூம் டைல்ஸில் படியும் அதே வெள்ளைப் பிசுக்கு பிரஷ்ஷிலும் ஒட்டியிருப்பது புரிந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத படிவமாகிவிடும். எவ்வளவு அலசினாலும் அது போகாது, அலச அலச இன்னும் கொஞ்சம் சேரும். ஒரு மக் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் கலந்து, முடியை மட்டும் இரண்டு நிமிடம் ஆட்டி எடுத்தேன். பாதி விறைப்பு அன்றைக்கே விட்டது.

அன்றோடு சோப்பை நிறுத்திவிட்டு பேபி ஷாம்புவுக்கு மாறினேன். ஷாம்புவில் உள்ள நுரைப்பொருள் உப்புத் தண்ணீரோடு அப்படிப் படிவதில்லை. கூடவே இன்னொரு பழக்கமும் வந்தது: கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். பத்து பிரஷ்ஷுக்கு ஒரு சொம்பு போதும். மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டில் இது தேவைப்படாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் இருப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பாருங்கள், வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

கழுவும் முறை எளிதானதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் முடியை மட்டும் நனைத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, வட்டமாகச் சுழற்ற வேண்டும். அழுத்தினால் முடி விரிந்துவிடும். பவுடர், பிளஷ் பிரஷ்களுக்கு ஒரு தடவை போதும். ஃபவுண்டேஷன் பிரஷ்தான் பாடாய்ப்படுத்தும். வியர்வையில் கலையாத வகை ஃபவுண்டேஷன்களில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும், ஷாம்பு மட்டும் போட்டால் மேலே சுத்தமாகி நடுவில் தங்கிவிடும். அதற்கு முதலில் எண்ணெய். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை டிஷ்யூவில் விட்டு, பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால் கறை தானாக இளகி வரும். ஜெல் ஐலைனருக்கும் இதுதான். பிறகு ஷாம்பு கட்டாயம் இரண்டு முறை. எண்ணெய் துளி மிஞ்சினாலும் அடுத்த முறை ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாக நிற்கும். ஒருமுறை கொடைக்கானல் கல்யாணத்துக்குப் போனபோது பாட்டிலிலேயே எண்ணெய் உறைந்துவிட்டது. அதிலிருந்து குளிர்ப் பிரதேசம் என்றால் நல்லெண்ணெய் எடுத்துப் போகிறேன்.

இனி காயவைப்பது. என் அனுபவத்தில் கழுவுவதைவிட இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். முடியையும் மரக் கைப்பிடியையும் ஓர் உலோகக் குழல் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உள்ளே இருப்பது பசை. பிரஷ்ஷைக் கழுவி டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் நேராக அந்தக் குழலுக்குள் இறங்கும். பசை இளகும், மரம் ஊதும், பெயிண்ட் வெடிக்கும். முதல் இரண்டு வருடம் நான் அப்படித்தான் வைத்தேன். ஒரு முகூர்த்த நாள், விடியற்காலை நாலு மணி, பெண் உட்கார்ந்திருக்கிறாள், பெரிய பவுடர் பிரஷ்ஷின் தலை தனியாகக் கழன்று அவள் மடியில் விழுந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா முகம் சுருங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. நல்ல நேரத்தில் ஒரு பொருள் உடைவது அந்த வீட்டாருக்கு வெறும் பிரஷ் விஷயம் இல்லையே. வீட்டுக்கு வந்து இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பசை போட்டு ஒட்டினேன். இன்றுவரை அது கழலவில்லை.

இப்போது கழுவியதும் துண்டில் மெதுவாக ஒற்றி, முடியை விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, துணி காயப்போடும் ஸ்டாண்டில் கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். கிளிப் இல்லாத நாளில் மேசை விளிம்பில் படுக்க வைத்து, முடிப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால் போதும், நாலா பக்கமும் காற்றுப் படும். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், ஃபேன் காற்றே போதும். கண் பிரஷ்கள் நாலைந்து மணி நேரத்தில் காயும். கைப்பிடி குட்டையாக, முடி அடர்த்தியாக இருக்கும் கபுகி பிரஷ் ஓர் இரவு எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுநாள் மதியமானாலும் நடுவில் ஈரம் இருக்கும். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு பையில் போட்டு மூடினால் புழுங்கிய வாடை வந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே கழுவி முடித்துவிடுவேன்.

ஆட்டு முடி பிரஷ்கள் என்னிடம் ஆறு உண்டு. நம் தலைமுடி மாதிரிதான் அவையும், அடிக்கடி ஷாம்பு போட்டால் வறண்டுவிடும். அம்மா சொல்லி சீயக்காய் போட்டுப் பார்த்தேன். சுத்தமானது, ஆனால் தூள் முடிக்குள் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் கன்னத்தில் உதிர்ந்தது. பூந்திக்கொட்டை நன்றாக வேலை செய்தது. நாலு கொட்டையை இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அந்த நுரையில் அலசினால் முடி மிருதுவாகவே இருக்கிறது. கண் பிரஷ்ஷுக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள், மிச்சம் இருந்தால் கண் எரியும்.

ஒரே நாளில் மணப்பெண், நாத்தனார், தங்கை என்று மூன்று பேர் இருந்தால் கழுவிக் காயவைக்க நேரம் ஏது? ஆளுக்கு ஒரு செட் வைத்துக்கொள்வதே நல்லது. முடியாதபோது 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் நல்லதாக இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்ல அந்தக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். முதலில் டிஷ்யூவில் கறையைத் துடைத்துவிட்டு, பிறகு முடி நன்றாக நனைய ஸ்பிரே செய்து, முழுக்க ஆறிய பிறகே அடுத்தவர் முகத்தில் வைக்கிறேன். குத்துவிளக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும் பொருள்.

சொந்த உபயோகத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 7 முதல் 10 நாள் என்கிறது. நானும் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறேன். ஃபவுண்டேஷன் ஒற்றும் ஸ்பாஞ்ச் மட்டும் ஒவ்வொரு முறையும். பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், உபயோகத்தில் இருந்த ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை என்று வந்திருந்தது. படித்த அன்றே என் தங்கையின் ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டேன்.

பிரஷ்ஷைத் தேய்த்துக் கழுவ சிலிக்கான் மேட் வாங்கலாம், விலைக்கு மதிப்பு உண்டு. பேட்டரியில் பிரஷ்ஷைச் சுழற்றிக் கழுவும் மெஷின் என் கையில் மூன்று பிரஷ்ஷை விரித்துவிட்டது, குழல் வரைக்கும் தண்ணீரில் முக்குகிறது. வேண்டாம்.

ஆடியில் கல்யாணம் இல்லாததால் 34 பிரஷ்ஷையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கழுவிக் காய்ந்த பிறகும் வடிவத்துக்குத் திரும்பாதது, இரண்டு கழுவலுக்குப் பிறகும் வாடை போகாதது, முகத்தில் முடி உதிர்ப்பது எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைக்கிறேன். இந்த வருடம் இரண்டுதான் தேறவில்லை, இரண்டுமே கபுகி.