"வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்கும் மெடிக்கல்

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் இருக்கும் இந்தச் சின்ன மெடிக்கலுக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுக்கிறேன். வீட்டில் வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

என் தங்கை பல வருடமாக டெக்ரிடால், அதாவது கார்பமசெபின் சாப்பிடுகிறாள். வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. போன மாதம் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து ஒரு கிளினிக்கில் காட்டினோம். வேறு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்ததும் கடையில் இருந்த பார்மசிஸ்ட் அக்காதான், "யாருக்கு இது? வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். டெக்ரிடால் என்றதும் எடுத்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டார்.

கார்பமசெபினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அந்த வேலையைத் தடுத்துவிடும். அப்புறம் வழக்கமான அளவைச் சாப்பிட்டாலே ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். தலைசுற்றல், வாந்தி, இரண்டிரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம் எல்லாம் வரலாம். இதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு, அவரே கிளினிக்குக்குப் போன் செய்து டாக்டரிடம் பேசினார். டாக்டர் அசித்ரோமைசினுக்கு மாற்றிக் கொடுத்தார்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். தங்கைக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கருத்தடை மாத்திரை கேட்டபோது, கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். கார்பமசெபின், எப்டாயின், பினோபார்பிடோன் என்ற மூன்று வலிப்பு மருந்தும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டிவிடுவதால் கருத்தடை மாத்திரை உடம்பில் சீக்கிரமே குறைந்துவிடும். மாத்திரையைத் தவறாமல் போட்டாலும் கரு தங்கலாம். அவசரத்துக்குப் போடும் மாத்திரைக்கும் இதே கதிதான். காப்பர்-டிக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்லி மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். இத்தனை வருடத்தில் இதை எங்களுக்கு வேறு யாரும் சொன்னதில்லை. திருமண வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதும்போதே சொல்ல வேண்டிய விஷயம் இல்லையா இது?

வலி மாத்திரை வாங்கப் போனாலும் அதே கேள்விதான். டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க மாட்டார். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குக்கும் அப்படியே. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறோமா என்றும் கேட்பார். வழக்கமாக வாங்கும் டெக்ரிடால் இல்லாத நாளில் வேறு கம்பெனி அட்டையைத் தலையில் கட்டாமல், வரவழைத்துத் தருகிறேன் என்பார்.

குறை என்று பார்த்தால், ஆன்லைனில் கிடைக்கும் தள்ளுபடி இங்கே கிடையாது. வண்டி நிறுத்த இடமில்லை. சாயங்காலம் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கொடுப்பதால் நேரம் ஆகிறது. காலையில் போனால் நிதானமாகப் பேசலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை மூடியிருக்கும் என்பதால் வலிப்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார்.