முதியோர் காப்புறுதி அட்டை என்று 18,500 ரூபாவை வாங்கிவிட்டார்கள்

கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன். அப்பாவிடம் 18,500 ரூபாவைப் பறித்திருக்கிறார்கள் என்பது முந்தாநாள்தான் உறுதியாகத் தெரிந்தது.

யாழ்ப்பாண நகரில் போட்டோக்கொப்பி அடித்து, படிவம் நிரப்பி, ரீலோட் போடும் கடைகள் நிறைய உண்டு. அதில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதியோர் கொடுப்பனவுக்காக அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போன அப்பாவுக்கு அங்கிருந்தவர் எழும்பிக் கதிரை கொடுத்து, காற்றாடியையும் அவர் பக்கம் திருப்பிவிட்டாராம். "ஐயா, கிளினிக்குக்கு விடியக்காலமை போய் நம்பர் எடுக்கிறனீங்கள்தானே? இனி அந்தப் பாடு இல்லை. அஸ்வெசும நலன்புரிக் காசு எடுக்கிற முதியவர்களுக்கு அரசாங்கமே காப்புறுதி போடுது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் செல்லும்." அப்பாவின் கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் பக்குவமாகப் பிரதி எடுத்தாராம். அந்தப் பக்குவத்தில்தான் அப்பா விழுந்தார்.

நானும் விழுந்தேன், அதை மறைக்கவில்லை. நான் ஆசிரியை. அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்கு மாதா மாதம் என் சம்பளத்தில் கழிக்கிறார்கள். அப்படி ஒன்று வயதானவர்களுக்கும் வந்திருக்குமாக்கும் என்று நினைத்து, அப்பா போன் எடுத்துக் கேட்டபோது "குடுங்கோ அப்பா" என்று சொன்னதே நான்தான். வெங்காயம் விற்ற காசு, 18,500 ரூபா. இரண்டு நாளில் சிங்கமும் வாளும் போட்ட, லமினேற் பண்ணிய அட்டை ஒன்று வந்தது. பற்றுச்சீட்டு தரவில்லை.

போன கிழமை சிறுநீரில் கல் என்று தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை அட்டையை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். "அரசாங்கத்தில இப்படி ஒரு காப்புறுதி இல்லை ஐயா." அப்பா அட்டையைச் சேட்டுப் பைக்குள் வைத்தவர், வீடு வரும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

கடைக்குப் போனேன். முதல் நாள் "சிஸ்டம் வேலை செய்யுதில்லை". அடுத்த நாள் "கொழும்பில இருந்து வரவேணும் மிஸ்". முந்தாநாள் போனால், கதிரை கொடுத்த அதே ஆள் சொல்கிறார்: "நாங்கள் படிவம் மட்டும்தான் நிரப்பினனாங்கள், காசு ஏஜென்ற்றுக்குப் போட்டுது." எந்த ஏஜென்ற்? அவருடைய போன் நிறுத்தி வைத்திருக்கிறதாம். 18,500 ரூபா!

பிறகு பிரதேச செயலகத்தில் விசாரித்தேன். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், அதற்கு எந்த அட்டையும் வேண்டாம். அக்ரஹார அரச ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும்தான், சந்தாவைச் சம்பளத்தில், ஓய்வூதியத்தில் கழிப்பார்கள், கடையில் கட்டுவதில்லை. பெரிய வியாதிக்குச் செலவு தாங்க முடியாதவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதைக் காசு கொடுக்கமுதல் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனநிலை இல்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கிராம சேவையாளரிடமோ, அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்தோ முதலில் கேளுங்கள். கிளினிக் கொப்பியைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கிறது. நாளைக்குப் பொலிஸுக்குப் போகிறேன். பற்றுச்சீட்டு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.