சுக்கா, ஓமமா: மாதவிடாய் நாள்களின் வயிற்றுப் பொருமலுக்கு எது கைகொடுக்கிறது?

மாதவிடாய் நாள்களில் வயிறு படுத்தும் பாட்டுக்கு, என் தாய் வீடான நெல்லிக்குப்பத்தில் சுக்குக் கஷாயம்தான் மருந்து. புகுந்த வீடான அரியாங்குப்பத்திலோ ஓமத் தண்ணீர். கடலூர் மஞ்சக்குப்பத்துக்குத் தனிக்குடித்தனம் வந்து, நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கியதும், இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று நானே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. நான் சுக்கின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓமத்தின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஒப்பிடுவதற்கு முன், இந்தத் தொல்லை ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கருமுட்டை வெளியான பிறகு உடலில் கூடும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குடலின் அசைவை மந்தப்படுத்துகிறது. அதனால்தான் விலக்காவதற்கு முந்தைய வாரத்தில் மலச்சிக்கலும் உப்புசமும் வந்து, புடவைக்கட்டு இறுகினாற்போல் இருக்கிறது. மாதவிடாய் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. கருப்பையின் உட்சுவரிலிருந்து சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் கருப்பையைச் சுருங்கச் செய்வதோடு நில்லாமல், பக்கத்திலிருக்கும் குடலையும் சுண்டி இழுக்கின்றன. முதல் இரண்டு நாள்களில் பலருக்கு வயிறு இளகிப் போவதும் குமட்டல் எடுப்பதும் இதனால்தான். ஆகவே முந்தைய வாரத்துக்கு ஏற்ற பண்டம் முதல் நாளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வெந்தயத்தை நான் நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இரவில் ஊறவைத்த ஒரு தேக்கரண்டி வெந்தயத்தின் கொழகொழப்பு மலச்சிக்கலுக்கு இதமாக இருப்பதை மட்டும் இரண்டு மூன்று மாதங்களில் கண்டிருக்கிறேன். அது முந்தைய வாரத்துக்கு உரியது. சீரகத் தண்ணீர் எல்லோர் வீட்டிலும் உண்டு, யாருக்கும் கெடுதலில்லை, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெந்நீர்ப் பையை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது, ஏனென்றால் அது எதனோடும் சேர்ந்து வேலை செய்யும்: ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடிவயிற்றில் தொடர்ந்து படும்படி வைத்தவர்களுக்குக் கிடைத்த வலித்தணிவு, 400 மில்லிகிராம் இபுபுரோஃபென் மாத்திரை தந்த தணிவுக்கு இணையாக இருந்ததாக 2001இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் நெரிசலான பேருந்தில் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு போக முடியாது.

இனி ஓமம். மாமியார் அரை தேக்கரண்டி ஓமத்தைச் சூடான வாணலியில் போட்டு, வெடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடிக் கொதிக்கவிடுவார். மூடுவதில் காரணம் இருக்கிறது. ஓமத்தின் வாசனைக்கும் காரத்துக்கும் பெரும்பாலும் காரணமான தைமால் என்னும் பொருள் ஆவியோடு போய்விடக் கூடியது; திறந்து கொதிக்கவிட்டால் அடுப்பங்கரை மணக்கும், டம்ளரில் வெறும் மஞ்சள் தண்ணீர்தான் மிஞ்சும். “கசக்கி மோந்து பாரும்மா, மூக்குல சுருக்குன்னு ஏறணும், அதுதான் நல்ல ஓமம்” என்று அவர் சொல்வது கடையில் பொருள் பார்த்து வாங்குவதற்குப் போதுமான சோதனை. குடித்த கால் மணி நேரத்தில் ஏப்பம் வந்து, நெஞ்சுக்குக் கீழே கட்டியிருந்த காற்று விலகும். வேகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் சுக்கு இதன் பக்கத்தில் நிற்க முடியாது. வீட்டிலேயே இருப்பவர் என்றால் இந்த அலசலை இங்கேயே நிறுத்திவிட்டு ஓமத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகமோ வீரியமோ அல்ல, அந்த நாளில் அதைச் செய்துகொள்ளும் பாடுதான். காலை ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய முதல் நாளில், இடுப்பு கழன்று விழுவதுபோல் வலிக்கும்போது, அடுப்பின் முன் நின்று, அளந்து, மூடி, வடிகட்டி, ஆறவைத்து, பாத்திரம் கழுவும் மருந்து எனக்கு மருந்தாகப் படவில்லை. முந்தைய இரவே செய்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், நானும் செய்தேன். மே மாதத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனது, ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் வெதுவெதுப்பாகி, மதியம் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. அதைவிடக் கொடுமை, எத்தனை முறை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும், அந்த பாட்டிலில் ஊற்றிய நல்ல தண்ணீர்கூட இரண்டு வாரங்களுக்கு ஓமமாகவே இனித்தது. கசந்தது என்று சொல்வதுதான் சரி. ஓமத்தை அப்படியே மென்று தின்னலாம்தான். ஆனால் குமட்டல் உள்ள நாளில் அந்தக் காரம் நாக்கில் பட்டவுடன் எனக்கு வாயில் தண்ணீர் ஊறி, நிலைமை இன்னும் மோசமாகிறது.

சுக்கு அப்படியல்ல, அதன் பாடு முழுவதும் மாதத்தில் வலி இல்லாத ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. பெரிய மார்க்கெட்டுப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் சுக்கு வாங்குவேன். உடைத்துப் பார்த்தால் நார் நாராகப் பிரிந்து உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். ஊசித் துளைகள் தெரிந்தால் வண்டு குடைந்தது, வேண்டாம். கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு என்பார்கள் அல்லவா, நஞ்சோ இல்லையோ, பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசி விற்கும் சுக்கும் உண்டு என்பதால் தோலைச் சீவிவிடுவது நல்லது. சீவுவது எளிதான வேலையல்ல. கத்தி வழுக்கும், கட்டைவிரல் எரியும். பிறகு 100 கிராம் மல்லி விதையையும் ஒரு தேக்கரண்டி மிளகையும் இளஞ்சூட்டில் வறுத்து, சுக்கை இடிகல்லில் தட்டிச் சேர்த்து, மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்வேன். முழு சுக்கை நேராக மிக்ஸியில் போட்டால் பிளேடு மழுங்கும். நான் ஒரு ஜாரை அப்படித்தான் கெடுத்தேன். சலித்த பொடி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இரண்டு மாதம் வாசம் மாறாமல் இருக்கிறது. காலையில் ஒரு தேக்கரண்டிப் பொடியையும் சிறிது கருப்பட்டியையும் ஃபிளாஸ்கில் போட்டு வெந்நீர் ஊற்றினால் முடிந்தது. அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது அதுவாகவே இறங்கி, மண்டி அடியில் தங்கியிருக்கும். பிற்பகலுக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் பொடி போதும், வெந்நீர் அங்கேயே கிடைக்கிறது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறத்தாழ 2 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் சுக்கு. இரண்டு வேளைக்கு ஒன்றேகால், ஒன்றரை கிராமுக்குள் சுக்கு உள்ளே போகிறது. 2009இல் ஈரானிலிருந்து வெளியான ஆய்வில் மாதவிடாயின் முதல் மூன்று நாள்களில் நாளொன்றுக்கு 1 கிராம் இஞ்சிப் பொடி எடுத்துக்கொண்ட மாணவியருக்கு, மெஃபனாமிக் அமிலம், இபுபுரோஃபென் ஆகிய வலிநிவாரணி மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு இணையான வலித்தணிவு கிடைத்தது. அது வலியை அளந்த ஆய்வு, பொருமலை அல்ல. ஆனால் 1.2 கிராம் இஞ்சி இரைப்பையை விரைவாகக் காலியாக்குகிறது என்பதையும் வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. தின்றது நெஞ்சிலேயே நிற்கிறது என்று நாம் சொல்லும் மந்தத்துக்கு அது பொருந்துகிறது. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்னும் பழமொழியை நம்பி நான் இதைச் சொல்லவில்லை என்பதற்காகவே இந்தக் கணக்கு.

குறையும் உண்டு. வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வருகிறது; இரண்டு இட்லிக்குப் பிறகு குடித்தால் வருவதில்லை. அல்சரோ எதுக்களிப்போ உள்ளவர்களுக்கு சுக்கு ஒத்துப்போகாது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் எடுக்கக் கூடாது. நாள் தள்ளிப்போய், கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தால் ஓமக் கஷாயத்தைத் தொடவே வேண்டாம். முதல் நாளில் வயிறு இளகிப் போகிறவர்கள், கஷாயம் எதுவானாலும், காலைக் காபியை அன்றைக்கு நிறுத்திப் பார்க்கலாம். காபி குடலைத் துரிதப்படுத்தும். நான் காபி டம்ளரின் இடத்தில் சுக்குமல்லியை வைத்ததால் கிடைத்த நன்மையில் எவ்வளவு சுக்கினுடையது, எவ்வளவு காபி இல்லாததினுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கஷாயத்தால் ஆகாதது ஒன்றும் இருக்கிறது. மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி மாதந்தோறும் அந்த நாள்களில் மட்டும் வருமானால், மலத்தில் இரத்தம் தெரியுமானால், ஆண்டுக்கு ஆண்டு வலி கூடுமானால், அது எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாக இருக்கக்கூடும். கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையோ அரசு மருத்துவமனையோ, மகப்பேறு மற்றும் மகளிர் பிரிவில் காட்டிவிட வேண்டும். ‘எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதானே’ என்று சொல்லும் வீட்டுப் பெரியவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஓமத்தை நான் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில், முந்தைய வாரத்தின் மந்தம் போதாதென்று ஏழெட்டுச் சுளைகளை விழுங்கிவிட்டு இரவில் புரளும்போது, எழுந்து போய் வாணலியை வைப்பது ஓமத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரியாங்குப்பம் போனால் மாமியார் கையால் ஒரு டம்ளர் குடிக்காமல் திரும்ப முடியாது என்பது வேறு விஷயம். கைப்பையிலிருக்கும் சுக்குப் பொட்டலத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.